குட்டியானை பாக்கியராஜும் ஒண்டிப்புதூர் வீடும்

கோயமுத்தூரில் எந்தத் தெருவில் எந்த வீடு அடுத்த வாரம் காலியாகிறது என்பது புரோக்கர்களுக்கு முன்னாலேயே தெரிந்த ஆள் ஒருவர் உண்டு. ராமநாதபுரம் சிக்னலைத் தாண்டினால் ஏழெட்டு சின்ன சரக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஊர் பூராவும் அவற்றைக் குட்டியானை என்றுதான் சொல்லும். அதில் மூன்றாவது வண்டி பாக்கியராஜுடையது. வீடு மாற்றுகிறவர்களின் சட்டி பானையை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. பீரோவைக் கீறல் விழாமல் மாடிப்படி வழியே இறக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஏற்றுகிறபோதே எது மாமியார் சாமான், எது மருமகள் சாமான் என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் அடுக்குவார். அந்த வித்தை தெரியாத டிரைவர்கள் பட்ட பாட்டை அந்த ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள்.

வயது ஐம்பத்தொன்று. ஒல்லியான உடம்பு, பெரிய மீசை. போத்தனூரில் சொந்தமாக ஓட்டு வீடு, மனைவி அற்புதம். அந்த அம்மாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. பாக்கியராஜிடம் எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பொள்ளாச்சி என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அவர் பார்க்கிற இன்னொரு வேலைக்குப் பெயர் கிடையாது. கேட்டால், "சும்மா, புள்ளைகளுக்கு ஊடு பாத்துக் குடுக்கறதுங்க" என்பார். சும்மாவாம்! தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்கிற பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். கையில் ஒரு பை, இரண்டு சான்றிதழ், அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியுமா? துவைத்த துணியை மடிக்கத் தெரியுமா? அதுவும் இதுவும் தெரியாமல் கல்லூரிக்குப் போகிறவனை இன்னும் குழந்தை என்கிறோம். விடுதியிலிருந்து வருகிறவனை மட்டும், பெரிய மனுஷன் ஆகிவிட்டாய், போய்ப் பிழைத்துக்கொள் என்கிறோம். எனக்கு இதை நினைத்தால் ஆத்திரம் வரும். பாக்கியராஜுக்கு ஆத்திரம் வராது, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆரம்பித்தது ஏழு வருஷத்துக்கு முன்னால். ஒருநாள் விடிகாலையில் கணபதி ஏரியாவுக்கு லோடு ஏற்றப் போக வண்டியின் தார்ப்பாயை விலக்கினால், உள்ளே ஒருவன் சுருண்டு படுத்திருந்தான். உதய் என்று பேர் சொன்னான், விடுதியிலிருந்து வெளியே வந்தவன். பத்து நாளாக ஒவ்வொரு வண்டியாக மாறிப் படுத்திருக்கிறான். வேலை இருந்தது, ஒரு வெல்டிங் பட்டறையில். வாடகைக்கு ஒரு அறை கொடுக்கத்தான் யாருமில்லை. உங்க பெரியவங்களைக் கூட்டிட்டு வா என்கிறார்களாம். அன்றைக்கு லோடு ஏற்றி முடித்ததும், காலியான வீட்டில் நின்றுகொண்டிருந்த ஓனரிடம் பாக்கியராஜ் மெதுவாகக் கேட்டார், மொட்டை மாடியில் அந்த ஒற்றை அறை சும்மாதானே கிடக்கிறது என்று. வீடு காலியாகிற அன்றைக்கு ஓனர்களுக்கு மனசு ஒரு மாதிரி இளகியிருக்கும் என்பது அவர் அனுபவம். எனக்குத் தெரிந்த பையன், நான் பொறுப்பு என்றார். அறை கிடைத்தது. உதய் இப்போது அதே பட்டறையில் நான்கு பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறான்.

அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவராக வந்து, பதினான்கு பேருக்கு வீடு பார்த்தாகிவிட்டது. வீடு மாற்றுகிறவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போகிற மிக்ஸி, மின்விசிறி, கட்டில், குக்கர் எல்லாம் போத்தனூர் வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் குவிந்து கிடக்கும். இது ஊடா, குடோனா என்று அற்புதம் வாரத்துக்கு ஒரு தடவை சத்தம் போடுவார். சத்தம் போட்டுக்கொண்டே அந்தக் குக்கர்களுக்குப் புது கேஸ்கட் வாங்கிப் போடுவதும் அவர்தான்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு முறை உண்டு. பாக்கியராஜ் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். பிள்ளைகள் தாங்களே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். சில பேர் திகைத்துப்போய் நின்றுவிடுவார்கள். தட்டு முதல் போர்வை வரை மற்றவர்கள் கொடுத்ததையே வாங்கிப் பழகிய கைகள் அல்லவா. அவசரமில்லை, நாளைக்குக்கூட வா என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கழுவப் போய்விடுவார்.

போன ஆடியில் லோகப்பிரியா என்கிற பெண் அங்கே வந்தாள். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் முதல் சாமானாக வாசலில் போடுகிற ஒரு மிதியடியை எடுத்தாள். ஏனம்மா, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, இதையா எடுப்பது என்று அற்புதம் கேட்டதற்கு, மிதியடி கிடந்தால்தானே அது வீடு என்று தெரியும் என்றாள். அற்புதத்துக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

இருபத்தொரு வயது. விடுதியிலிருந்து வந்து பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லுக்குள்ளேயே தங்கல். ஒரு ஷிப்டை நிறுத்தியபோது வேலையோடு படுக்கிற இடமும் போயிற்று. பதினோரு நாள் ரயில்வே ஸ்டேஷன் காத்திருப்பு அறையிலும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறாள். இப்போது சிங்காநல்லூரில் ஒரு பேக்கரியில் பாக்கிங் வேலை, கடைக்குப் பின்னால் மூன்று பெண்களோடு ஒரே அறையில் படுக்கை. தனக்கு மட்டும் என்றால் அவள் அங்கேயே இருந்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஒரு தம்பி உண்டு. நிதீஷ், பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. அவன் இருந்த பையன்கள் விடுதியை அந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். பையன்களை வேறு வேறு இடத்துக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். இவனுக்கு விழுந்தது தூத்துக்குடிப் பக்கம்.

அக்கா வேலையில் இருக்கிறாள், தம்பியை அவளிடமே விடலாம், ஆனால் தங்க ஒழுங்கான வீடு வேண்டும், நான் வந்து பார்த்துத்தான் எழுதுவேன் என்று சைத்ரா என்கிற குழந்தைகள் நல அதிகாரி சொல்லியிருந்தார். நல்ல பெண்மணி, நியாயமாகத்தான் சொன்னார். அந்தப் பார்வைக்குக் குறித்த நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்குள் வீடு கிடைத்தால் தம்பி அக்காவோடு, இல்லையென்றால் தூத்துக்குடி.

மூன்று வாரம் அலைந்தார்கள். ஒன்பது வீடு. பையன்களுக்கு எடுபட்ட "நான் பொறுப்பு" இந்தப் பெண்ணுக்கு எடுபடவில்லை. தனியாக ஒரு பெண்ணா, கூட ஒரு பையனா, தம்பிதான் என்று என்ன அத்தாட்சி என்று ஒருத்தர் வாய் கூசாமல் கேட்டார். நாக்கு இருக்கிறதே என்று சில பேர் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழைக் காட்டினாள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பெற்றோர் பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பாக்கியராஜுக்குப் புத்தி தடுமாறிற்று.

பத்தாவது வீடு ஒண்டிப்புதூரில். குழந்தையம்மாள் என்கிற அம்மாளுடையது. முன்னால் தன் வீடு, பின்னால் வரிசையாக ஐந்து லைன் வீடு, நடுவில் இரண்டு தென்னை. குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் தனி, புழங்க உப்புத் தண்ணீர் தனி. அறுபத்து நான்கு வயதில் குடியிருப்பவர்களை ஒரு கண் அசைவில் ஆட்டி வைக்கிற அம்மாள். வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு 'ங்க' இருக்கும். கோபம் வந்தாலும் அது போகாது, இன்னும் ஒன்று கூடும்.

"ஏனுங்க, இந்தப் புள்ளை உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

பாக்கியராஜ் வாயிலிருந்து வந்தேவிட்டது. "அக்கா பொண்ணுங்க. நான் தாய்மாமன்."

கொங்குச் சீமையில் தாய்மாமன் என்ற வார்த்தைக்கு இருக்கிற எடை வேறு எதற்கும் கிடையாது. காது குத்துவதற்கும் மாமன், கல்யாணத்துக்கும் மாமன். குழந்தையம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. மாமன் கூட இருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை என்றார். எந்த ஊர் என்று கேட்டதற்கு இவர் வழக்கம்போலப் பொள்ளாச்சி என்றார். புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, காலையில் பால் காய்ச்சிக் குடி வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பி வருகிற வழி முழுக்க லோகப்பிரியா சிரித்துக்கொண்டே வந்தாள். பாக்கியராஜ் மட்டும் அவள் பக்கம் திரும்பாமல் வண்டியை ஓட்டினார்.

புதன்கிழமை காலை சாமான் எல்லாம் இறங்கிற்று. அற்புதம் புதுப் பாத்திரத்தில் பால் வைத்தார். பொங்கி வழிந்தபோது குழந்தையம்மாளே குலவையிட்டார். சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் டம்ளரை மாமனுக்குக் கொடு அம்மணி என்றார். லோகப்பிரியா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, முகமெல்லாம் பூரிப்பாக நீட்டினாள்.

"இந்தாங்ணா."

அவ்வளவுதான். கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த 'ங்ணா' மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும். கண்டக்டரும் அண்ணா, பால்காரரும் அண்ணா, பேக்கரி முதலாளியும் அண்ணா. வீடு தேடி அலைந்த மூன்று வாரமும் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள். ஆனால் தாய்மாமனை அண்ணா என்று கூப்பிட்ட பெண் இந்தப் பூமியில் உண்டா? முந்தின நாளே மாமா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

குழந்தையம்மாள் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம் பாக்கியராஜைப் பார்த்தார். அண்ணனா, மாமனா என்று ஒரு கேள்விதான் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய்யச் சொல்லிப்போட்டு எங்கூட்டுக்குள்ள பால் வெச்சுப்போட்டீங்களேங்க" என்றார், குரலை உயர்த்தாமல். "சாமான ஏத்திக்கிட்டுப் போயிருங்க."

இறக்கிய சாமானை ஏற்றுவதில் இருக்கிற கேவலம் வீடு மாற்றுகிற தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான்கு வீட்டுக்காரர்கள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டில், அடுப்பு, குடம், எல்லாம் ஒவ்வொன்றாக மேலே போயிற்று. மிதியடியை லோகப்பிரியாவே எடுத்து உதறிச் சுருட்டினாள்.

வண்டி திருச்சி ரோட்டுக்கு வந்ததும் அற்புதம் பிடித்துக்கொண்டார். ஏழு வருஷமாகச் சொல்லாத பொய்யை இந்தப் பிள்ளைக்கா சொல்ல வேண்டும், அவள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று திட்டித் தீர்த்தார். அத்தனையும் நியாயம். பாக்கியராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டியபடியே ஓட்டினார். லோகப்பிரியா அழவில்லை, அவரைக் குறை சொல்லவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மாமான்னு யாரையும் கூப்புட்டதே இல்லீங்ணா. அதான் வாயில வரல."

அவருக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. அன்று முழுக்க வேறு லோடு எடுக்கவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தார். அற்புதம் ஒன்றும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்த அம்மாளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்.

மறுநாள் காலை வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் ஒண்டிப்புதூர் போனார். குழந்தையம்மாள் கேட்டைத் திறக்கவில்லை, உள்ளே நின்றபடியே இன்னும் என்னவென்று கேட்டார். பாக்கியராஜ் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாய்மாமன் என்றது மட்டுமில்லை, பொள்ளாச்சியும் பொய்தான் என்றார். மூன்று வயதில் யாரோ தன்னை ஒரு சர்ச் விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போனது, பாக்கியராஜ் என்ற பேரே அங்கே இருந்த பாதிரியார் வைத்தது, வெளியே வந்து முதலில் கிளீனராக ஏறிய லாரி பொள்ளாச்சித் தேங்காய் லாரி என்பதால் அன்றைக்கிருந்து அதையே ஊராகச் சொல்லி வருவது, எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்து மூன்று வருஷமாக ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஐம்பத்தொரு வயதில் நடுரோட்டில் நின்று இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேருக்கு முடியும்?

"அந்தப் புள்ளை பொய் சொல்லலீங்க, நான்தான் சொன்னேன். எனக்குப் பழகிப்போச்சு. அதுக்கு இன்னும் பழகல. பழகறதுக்குள்ள ஒரு ஊடு கிடைக்கோணுங்க" என்றார்.

குழந்தையம்மாள் தென்னை மரத்தடியில் கிடந்த மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார். அப்புறம் அந்தப் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். பத்தாவது என்றதும் கேட் பக்கமாக இரண்டு அடி வந்தார்.

"புள்ளையத் தனியா வரச் சொல்லுங்க. ஊடு அவளுக்குத்தானுங்களே வேணும்? அவளே வந்து கேக்கட்டும். நீங்க கூட வரக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் லோகப்பிரியா தனியாகப் போனாள். பாக்கியராஜ் தெருமுனைப் பேக்கரியில் நின்றார். ஒரு டீ, ஒரு தேங்காய் பன், இன்னொரு டீ. ஒன்றரை மணி நேரம். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. அவளுக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் உள்ளது என்று விட்டுவிட்டார். அவள் வந்தபோது கண் சிவந்திருந்தது, நடை மட்டும் வேறு மாதிரி இருந்தது. வீடு கொடுத்துவிட்டார்கள் என்றாள். ஆனால் பாலை மறுபடியும் காய்ச்ச வேண்டுமாம், பொய் சொல்லி வைத்த பால் செல்லாதாம். அந்த மாமன் அன்றைக்கு வாசலோடு நிற்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். பாக்கியராஜ் அந்தத் தண்டனையை ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி சிரித்து ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமை வாசலில் நின்றேதான் பால் குடித்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு சைத்ரா வந்தார். கூட நிதீஷ். உயரமாக, ஒடிசலாக, ஒரு தகரப் பெட்டியோடு இருந்தான். வீட்டை ஏறிட்டுப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி அடுப்பைப் பார்த்தார், குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் திருப்தி. கடைசியில் பேனாவை நிறுத்திவிட்டு, நிதீஷ், நீ சொல்வதுதான் முக்கியம், இங்கே இருக்க உனக்குச் சம்மதமா என்று கேட்டார்.

பையன் தரையிலிருந்து தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தான். லோகப்பிரியாவின் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற பாக்கியராஜ் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு இவன் வேண்டாம் என்றுவிட்டால்?

"அக்கா வேலைக்குப் போனதுக்கப்பறம் நான் ஸ்கூல் விட்டு வந்தா, கதவ யாரு தொறந்து உடுவாங்க?" என்று கேட்டான்.

விடுதியில் ஒன்பது வருஷமாக அவனுக்காக ஒவ்வொரு கதவையும் வேறு யாரோ ஒருத்தர் திறந்து, வேறு யாரோ பூட்டியிருக்கிறார்கள். அது மற்றவர்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பாக்கியராஜுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தை மூடினார்.

குழந்தையம்மாள் தன் லைன் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவியைத் தன்னிடமே வைத்திருப்பவர். குடியிருப்பவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் கொடுத்ததில்லை. அவர் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, அந்த வீட்டுச் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார்.

"நீயே தொறந்துக்க கண்ணு" என்று அவன் கையில் வைத்தார். "இனி எங்கிட்ட இந்த ஊட்டுக்குச் சாவி இல்ல."

நிதீஷ் அதைப் புரட்டிப் பார்த்தான். வெளியே போய்க் கதவைச் சாத்தினான். அக்காவும் அதிகாரியும் வீட்டுக்கார அம்மாவும் உள்ளே இருக்கும்போதே பூட்டினான். திறந்தான். மறுபடியும் பூட்டினான், திறந்தான். பக்கத்தில் நின்று பாக்கியராஜ் தேம்பித் தேம்பி அழுததை அவன் கவனிக்கவே இல்லை. மூன்றாவது தடவை கதவைத் திறந்து நின்று, அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்:

"நான் இங்கயே இருந்துக்கறேனுங்க."